தேள் போட்ட ஆல்பம்

தொம்மலூரில் கோயிலுக்குப் பின்னால் போகிற சந்தில் ஒருத்தரைப் பற்றி இன்னொருத்தர் பேசுவது, தண்ணீர் லாரி வருவதைப் போல வழக்கமான விஷயம். ஆனால் பேசியதைத் தாளத்தில் வைத்து, ஆல்பமாக்கி, ஊர் உலகமெல்லாம் காதில் மாட்டிக்கொண்டு கேட்கும்படி செய்தவள் தண்ணி கேன் கடை அப்பாதுரையின் மகள் முனிலட்சுமி ஒருத்திதான். ராப் பாடுகிற கூட்டத்தில் அவளுக்குப் பெயர் 'தேள்'. முனிலட்சுமி என்ற பெயரோடு மேடை ஏறினால் யாராவது அர்ச்சனைத் தட்டை நீட்டிவிடுவார்கள் என்று அவளே வைத்துக்கொண்டது.

வியாழக்கிழமை ஆல்பம் வந்தது. பெயர் 'பங்குச் சுவர்'. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சந்து இரண்டாகப் பிரிந்துவிட்டது: பாட்டில் இருக்கிறவர்கள் ஒரு கட்சி, இல்லாதவர்கள் ஒரு கட்சி. திட்டு வாங்கினவர்கள் கோபமாக இருப்பார்கள் என்று யாராவது நினைத்தால் அவர்கள் இந்தச் சந்தில் குடியிருந்ததில்லை. அயர்ன்கார பச்சைமுத்துவுக்கு ஒரு பாட்டில் அரை வரி கிடைத்திருந்தது, சட்டையைக் கருக்கிவிட்டு அதை அடுத்த வீட்டுத் துணியோடு சேர்த்துக் கொடுத்துவிடுவார் என்று. அவர் அந்த அரை வரியை வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டிக்கொண்டே இன்னொரு சட்டையைக் கருக்கினார்.

டைலர் ராதாவுக்குத்தான் ஒரு சொல்கூட இல்லை. தெருவில் ஒரு சேதி பிறந்தால் முதல் தையல் அவள் மெஷினில்தான் விழும். அப்படிப்பட்டவளை விட்டுவிட்டு ஒரு ஆல்பமா? பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து அந்தப் பெண்ணுக்கு அளவெடுத்தவள் நான்தான், என் வாயைப் பற்றி ஒரு வரி எழுத அவளுக்குக் கை வரவில்லையா என்று பித்தான் கட்ட வந்தவர்களிடமெல்லாம் ஆற்றாமையைக் கொட்டினாள்.

இவ்வளவும் டோரீனுக்குப் போனில் வந்து சேர்ந்தது.

டோரீன் அப்பாதுரையின் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் மகள். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை, அங்கேயே ஒரு பிஜி விடுதியில் ஜாகை. வரைபடத்தில் பார்த்தால் தொம்மலூரும் எலெக்ட்ரானிக் சிட்டியும் ஒரே ஊர்தான். நடுவில் சில்க் போர்டு சிக்னலின் நெரிசல் இருப்பதால் துபாயில் இருக்கிற பிள்ளைகளே அவளைவிட அடிக்கடி வீட்டுக்கு வந்து போனார்கள்.

ஸ்டெல்லாவின் குரலில் அன்றைக்குப் பண்டிகை. "உங்கம்மாவுக்குத் தனிப் பாட்டு விட்டிருக்கா பாப்பா. 'மோட்டார் அம்மா'ன்னு. ஊரு முழிக்கறதுக்குள்ள எழுந்து மோட்டார் போட்டு மொத்த தண்ணியும் இழுத்துடறேனாம். சக்கத்தா, சூப்பரா பாடியிருக்கா."

பிறகு, மோட்டார் விஷயத்தில் தன் பக்க நியாயத்தையும் விளக்கிவிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள். "உன்னப் பத்தி ஏதாவது இருக்கான்னு உன் தம்பி ஓஸ்வால்ட கேட்டேன். அக்காவையே கேட்டுக்கச் சொல்லுன்னுட்டான். நீ பாட்ட கேட்டியா?"

"டைம் இல்ல மம்மி."

டைம் இருந்தது. ஆல்பம் வந்த அன்றைக்கே போனில் இறக்கி வைத்தாகிவிட்டது. அட்டைப் படத்தைப் பார்த்ததோடு விரல் நின்றுவிட்டது. ஒரு சுவரை மேலேயிருந்து எடுத்த படம். ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் ரோஸ். இரண்டு வீட்டுக்கும் பின்னால் துணி துவைக்கிற இடத்தைப் பிரிக்கிற பங்குச் சுவர் அது. பூச்சு வேலையை யார் செய்வது என்று அப்பாதுரையும் ஸ்டெல்லாவும் ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டு, கடைசியில் அவரவர் பக்கத்துக்கு அவரவர் பெயிண்ட் என்று முடிந்த கதை. அந்த ரோஸ் பக்கத்தில் சாய்ந்துகொண்டுதான் டோரீன் வளர்ந்தாள்.

கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். கேட்காத வரைக்கும் தான் அதில் இருக்கிறோம் என்றும் நினைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் நினைத்துக்கொள்ளலாம். பச்சைமுத்துவுக்கு அரை வரி விட்டவள் தனக்கு ஒன்றும் விடாமல் போயிருந்தால் என்ன செய்வது? ஹெச்.ஆரில் எத்தனையோ பேருக்கு "உங்கள் பெயர் தேர்வாகவில்லை" என்று மெயில் அனுப்பியவள், தன் பெயர் தேர்வானதா என்று பார்க்கப் பயந்துகொண்டு மூன்று நாள் போனைக் கவிழ்த்தே வைத்திருந்தாள்.

அவளும் முனியும் ஒரு காலத்தில் இரட்டைப் பாடகிகள் என்பதைச் சந்து இன்னும் மறக்கவில்லை. ஆரம்பம் அந்தச் சுவரில்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து நீலப் பக்கத்தில் முனி காலி கேன்களைக் கழுவுவாள். தண்ணி கேனைக் குப்புறப் போட்டுத் தட்டினால் வயிற்றில் இடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அவள் அதில் தாளம் பிடித்து நாலு வரி வம்புக்கு இழுப்பாள். ரோஸ் பக்கத்திலிருந்து டோரீன் நாலு வரி திருப்பிக் கொடுப்பாள். மூக்கு, பல், மார்க்கு, அம்மாக்களின் சண்டை, எதுவும் விலக்கில்லை. எவ்வளவு காரமாகக் குத்துகிறோமோ அவ்வளவு பிரியம் என்று கணக்கு.

அதில் ஒரு சட்டம் இருந்தது. ஒருத்தி நாலு வரி சொல்லிவிட்டால், அடுத்த நாலு வரியின் இடம் மற்றவளுடையது. பதில் வருகிற வரைக்கும் தாளத்தை விடவும் கூடாது, அந்த இடத்தில் வாயைத் திறக்கவும் கூடாது. நடுவில் ஸ்டெல்லா ஜெபத்துக்குக் கூப்பிட்டு டோரீன் உள்ளே போய்விட்டால்கூட, அந்தப் பக்கம் முனி பாடாமல் சும்னே தட்டிக்கொண்டு இருப்பாள். ஜெபம் முடிந்து வந்து சுவரில் விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினால், விட்ட இடம் அப்படியே சூடாகக் காத்திருக்கும்.

பிறகு காலேஜ் விழாக்கள், சின்னச் சின்ன மேடைகள். டோரீனின் தம்பி ஓஸ்வால்ட் சர்ச்சில் வாசிக்கிற கீபோர்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனான். அதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கோரமங்களாவில் அந்தக் காலேஜ் மேடை வருகிற வரைக்கும்.

டோரீன் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாள். சனிக்கிழமையும் ஷிஃப்ட் உண்டு, இனிமேல் மேடைக்கெல்லாம் வருவது கஷ்டம் என்பதை முனியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஆபீஸிலிருந்து நேராக ஓடி வந்து மேடை ஏறினாள். கழுத்தில் ஐடி கார்டு அப்படியே தொங்கியது. முனி அதைப் பார்த்தாள். கேனைத் தட்டினாள். ஏற்பாட்டில் இல்லாத நாலு வரி அந்த இடத்திலேயே வந்து விழுந்தது.

*தாலி இன்னும் ஏறல, கயிறு மட்டும் ஏறிடுச்சு,*
*கம்பெனிக்கு வாழ்க்கைப்பட்டு கண்ணு ரெண்டும் மாறிடுச்சு.*
*போட்டோவுல சிரிக்கிறா, நேர்ல அவ சிரிக்கல,*
*பேரு போட்ட அட்டைக்குள்ள பேரு சொன்னா திரும்பல.*

கூட்டம் விசிலடித்துச் சிரித்தது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டிருந்தால் டோரீனும் சிரித்திருப்பாள், இதைவிடக் காரமாகத் திருப்பியிருப்பாள். சுவருக்குச் சிரிக்கத் தெரியாது. காலேஜ் பையன்களுக்குத் தெரியும். அவள் சொல்லாமல் வைத்திருந்ததை அவள் கழுத்தைப் பார்த்தே படித்துவிட்டு ஊருக்கு முன்னால் போட்டு உடைத்துவிட்டாளே என்று முகம் எரிந்தது. மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினாள். பின்னால் கேன் ஓடிக்கொண்டே இருந்தது. கேட் வரைக்கும் அந்தச் சத்தம் கூடவே வந்தது. அவள் திரும்பவில்லை.

அத்தோடு பேச்சு நின்றது. முனி கூப்பிடவில்லை, டோரீனும் கூப்பிடவில்லை. இரண்டும் ரோஷத்தில் பிசைந்த மாவு. தெருவில் ராதா இதற்கு மூன்று காரணங்கள் வைத்திருந்தாள், ஒரு பையன், ஒரு சீட்டுப் பணம், ஒரு மத விஷயம். ஜாக்கெட் தைக்க வருகிறவர்களின் ரசனையைப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். ஒரு கயிற்றுக்காக இவ்வளவா என்று உண்மையைச் சொன்னால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

திங்கட்கிழமை காலை, சிட்டிக்குள் ஒரு ட்ரெய்னிங்குக்குக் கிளம்பிய கம்பெனி கேபில் டோரீனுக்குப் பக்கத்தில் சிவசங்கரன் உட்கார்ந்தான். தருமபுரிப் பையன், சப்போர்ட் டீமில் புதுசு, எதைக் கேட்டாலும் பக்கத்தில் இருக்கிறவருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்பவன். அவன் காதிலிருந்து கசிந்த தாளம் டோரீனின் முதுகுத்தண்டில் ஏறியது. அவளுக்குத் தெரியாத தாளமா அது?

"மேடம், நீங்க தொம்மலூர்தானே? இந்தத் தேள் அக்கா உங்க ஏரியாவாமே. தெரியுமா?"

டோரீன் ஜன்னலைப் பார்த்தாள். "தெருவுல பாத்திருக்கேன்."

பைபிளில் தெரியாது என்று மறுத்த பேதுருவின் கதையில் இந்த இடத்தில் சேவல் கூவும். இங்கே கேப் மேம்பாலத்தின் டோல்கேட்டுக்கு வந்திருந்தது. மெஷின் பீப் அடித்தது.

சிவசங்கரன் விடுகிற ஆள் இல்லை. ஆல்பம் பிரமாதம் என்றான், மோட்டார் அம்மா பாட்டுக்கு அவன் பிஜியே ஆடுகிறது என்றான். பெற்றவளின் புகழை டோரீன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு அவன் கொஞ்சம் வருத்தப்பட்டுக்கொண்டான். "கடைசிப் பாட்டுலதான் ஏதோ மிஸ்டேக் மேடம். நல்லா போயிட்டே இருக்கு, திடீர்னு வாய்ஸ் கட் ஆயிடுது. வெறும் டொம் டொம்முனு சத்தம் மட்டும் ஓடுது. அப்புறம் மறுபடி பாட ஆரம்பிக்கறாங்க. செக் பண்ணாமலே போட்டுட்டாங்க போல."

டோரீன் கையை நீட்டினாள். ஹெச்.ஆர். மேடம் எதைக் கேட்கிறார் என்று அவனுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு காதிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தான்.

முதலில் கேன். அப்புறம் முனியின் குரல், முன்னைவிடக் கொஞ்சம் கரகரத்து, தண்ணியில் போட்டு எடுத்த மாதிரி குளிர்ந்து. *தாலி இன்னும் ஏறல.* டோரீனின் கை தானாகக் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டது. அதே நாலு வரி, ஒரு எழுத்து மாறவில்லை. *பேரு சொன்னா திரும்பல* என்று முடிந்த இடத்தில் குரல் ஒதுங்கிக்கொண்டது.

கேன் மட்டும் ஓடியது.

மேம்பாலத்துக்குக் கீழே வீடுகளின் தண்ணீர்த் தொட்டிகளும் காயப்போட்ட போர்வைகளும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. டோரீனின் உதடு அசைந்தது. வார்த்தை எதுவும் வரவில்லை, வார்த்தைக்கான இடம் மட்டும் வாய்க்குள் வந்து நின்றது. நாலு வரி ஓடுகிற நேரம் கழிந்ததும் முனி மறுபடி ஆரம்பித்தாள். அதற்கப்புறம் என்ன பாடினாள் என்பது டோரீனின் காதில் விழவில்லை.

"பாத்தீங்களா மேடம்? மிஸ்டேக்தானே?"

"ஆமா, மிஸ்டேக்தான்" என்றாள் டோரீன்.

அன்று முழுக்க அவள் ஒரு நிலையில் இல்லை. ஆல்பத்தில் தான் இருக்கிறோம், அது தெரிந்துவிட்டது. ஆனால் எப்படி இருக்கிறோம்? அந்த நாலு வரியை மறுபடி எடுத்துப் போட்டிருக்கிறாள் என்றால், அன்றைக்கு ஒரு காலேஜ் சிரித்தது போதாதென்று இப்போது தருமபுரி வரைக்கும் சிரிக்கட்டும் என்றா? பின்னால் விட்ட இடம், இவள் வாயடைத்துப் போனாள் பார் என்று காட்டுவதற்கா? இல்லை, அது பழைய சட்டப்படி விட்ட இடமா? முதலாவதாக இருந்தால் அவள் நிம்மதியாகக் கோபப்பட்டுக்கொள்ளலாம். இரண்டாவதாக இருந்தால்தான் கஷ்டம்.

சாயங்காலம் ஸ்டெல்லா போன் செய்து அந்த முதல் சந்தேகத்துக்கு ஓட்டுச் சேர்த்தாள். கடைசிப் பாட்டில் வருகிற கயிற்றுக்காரி டோரீன்தான் என்று ராதா கண்டுபிடித்துவிட்டாளாம். உங்கள் பெண்ணின் மானத்தை வாங்கிவிட்டாளே என்று வீட்டுக்கே வந்து துக்கம் விசாரித்தாளாம், விசாரித்துவிட்டுத் தன் பெயர் எங்கேயாவது வருகிறதா என்று இன்னொரு முறை பாட்டைப் போட்டுக் கேட்டாளாம்.

டோரீன் போனை வைத்துவிட்டு ஓஸ்வால்டைக் கூப்பிட்டாள். ஆல்பம் முழுக்கப் பதிவானது அவன் அறையில்தான், சுவருக்கு மெத்தை சாய்த்து, ஃபேனை நிறுத்தி, வேர்த்துக் கொட்டிக்கொண்டு. அதை அவள் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டிருந்தாள். அக்காவும் தம்பியும் ஆல்பத்தைத் தவிர எல்லாவற்றையும் பேசுவார்கள்.

"அந்தக் கடைசிப் பாட்டுல ஒரு இடம் காலியா இருக்கே. ஏன்டா அப்படி விட்ட?"

ஓஸ்வால்ட் பெருமூச்சு விட்டான். பலரும் இதையே கேட்டுத் திட்டிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. "நான் விடலக்கா. ரெண்டு தடவ வெட்டிட்டேன். ஆறின டீ மாதிரி இருக்கு, கேக்கறவன் ஓடிடுவான்னு சொன்னேன். கீபோர்டாவது வாசிக்கறேன்னேன். கை வச்சா ஆல்பமே வோணாம்னுட்டா."

"ஏன்னு கேக்கலயா?"

"கேட்டேன். 'அது என்னோடது இல்லடா, நான் எப்படி எடுக்கறது'ன்னா. அவ்ளோதான்."

டோரீன் பிஜியின் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே யாரோ சப்பாத்தி வாடை வர அடுப்பு மூட்டியிருந்தார்கள்.

"நீ எங்கிட்ட சொல்லவே இல்ல."

"நீ கேக்கவே இல்ல. இத்தன நாளும் அவ பேர எடுத்தா மம்மிகிட்டயே போன வெச்சுடுவ."

"அவ என்னப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"இல்ல" என்றான் ஓஸ்வால்ட். "நீயும் இன்னிக்குதான் கேக்கற."

அந்த வாரம் முழுக்க டோரீன் நாலு வரி தேடினாள். குளிக்கும்போது தேடினாள், மீட்டிங்கில் தேடினாள். முன்பெல்லாம் வாயைத் திறந்தால் கொட்டும். இப்போது திறந்தால் "ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு" என்று வந்தது. லீவ் பாலிசிக்கு எதுகை கிடைத்தது, முனிக்குக் கிடைக்கவில்லை. இவ்வளவு நாள் ஆனபிறகு அந்த இடம் இன்னும் தன்னுடையதுதானா, இல்லை போனவளுக்கு இலை போட்டு வைக்கிற மாதிரி வெறும் சாங்கியமா என்று ஒரு நேரம் தோன்றும். உடனே கழுத்துக் கயிற்றைக் கழற்றி மேசை டிராயரில் போடுவாள். டீ குடிக்கப் போகும்போது கார்டு இல்லாமல் கதவு திறக்காது. மறுபடி எடுத்து மாட்டிக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை சந்தில் விழா. முனிக்குப் பாராட்டு விழா என்று பெயர். ஏற்பாடு செய்தது யார் என்று கேட்டால் நம்பமாட்டீர்கள், டைலர் ராதா. மொத்த ஆல்பத்தையும் பெரிய ஸ்பீக்கரில் நிதானமாக ஒரு தடவை கேட்டுவிடலாம் என்றாள். சின்னப் போனில் கேட்டதில் தன் பெயர் காதுக்குத் தப்பியிருக்கலாம் என்று அவளுக்கு இன்னும் ஒரு நம்பிக்கை. மாரியம்மன் கரகத்துக்கும் கன்னட ராஜ்யோத்ஸவ விழாவுக்கும் வருகிற அதே ஸ்பீக்கர்கள் வந்து இறங்கின. மாலையும் வாங்கி வைத்தார்கள்.

டோரீன் சர்ச்சில் காலைப் பூசைக்கு அம்மாவோடு வந்தவள் அப்படியே சந்துக்கும் வந்தாள். கழுத்தில் கயிறு இல்லை. ராதா முதலில் பார்த்தது அதைத்தான். "வாம்மா, இளைச்சுட்டியே" என்று சொல்லிக்கொண்டே கண்ணை முகத்துக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு முறை ஓட்டினாள்.

விழா நாயகியைக் காணோம். தெருவையே கொட்டியவளுக்குத் தெருவுக்கு முன்னால் வந்து மாலை போட்டுக்கொள்ள வெட்கமாம். பின்னால் கேன் கழுவிக்கொண்டிருக்கிறாள், கூப்பிட்டால் வருவாள் என்று அப்பாதுரை சிரித்தார். பாட்டுக்குப் பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று முடிவானது.

பாட்டு ஆரம்பித்தது. பச்சைமுத்து தன் அரை வரிக்கு எழுந்து நின்று கும்பிட்டார். மோட்டார் அம்மாவுக்கு ஸ்டெல்லா பூசைக்குக் கட்டிய பட்டுப் புடவையோடு இரண்டு சுற்றுச் சுற்றினாள். டோரீன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். சிரித்த சிரிப்பு போட்டோவில் சிரிக்கிற சிரிப்பு என்பது அவளுக்கே தெரிந்தது. கடைசிப் பாட்டு நெருங்க நெருங்கக் கால் தரையில் நிற்கவில்லை. கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு எழுந்து, வீட்டுக்குள் நுழைந்து, அடுப்படியைத் தாண்டி, துவைக்கிற இடத்துக்குப் போனாள்.

சுவர் அப்படியே இருந்தது. ரோஸ் பெயிண்ட் அவள் முதுகு உயரத்துக்குத் தேய்ந்து சாம்பலாகியிருந்தது. அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம், கேன் ஒன்று கல்லில் உரசுகிற சத்தம். அவ்வளவு பக்கத்தில் இருந்தாள் முனி. கையை நீட்டினால் சுவர்தான், ஆனால் ஒரு செங்கல் கனம்தான் சுவர்.

முன்பக்கம் ஸ்பீக்கரில் கடைசிப் பாட்டு வந்தது. *தாலி இன்னும் ஏறல.* அந்தப் பக்கம் தண்ணீர் நின்றது. *பேரு சொன்னா திரும்பல.* குரல் ஒதுங்கிக்கொண்டது. தாளம் மட்டும் சந்து முழுக்க இடித்தது.

தெருவில் சலசலப்பு. ஸ்பீக்கர்காரர் ஒயரைப் பிடித்து ஆட்டினார். விடுங்க அண்ணா, பாட்டே அப்படித்தான் என்று ஓஸ்வால்ட் கத்துவது கேட்டது.

டோரீன் கையைத் தூக்கினாள். விரல் முட்டியால் சுவரில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. ஸ்பீக்கரில் இடம் கரைந்துகொண்டிருந்தது, அவளுக்கு அதன் நீளம் மனப்பாடம். இதோ முடியப் போகிறது, இதோ முடிந்தது. ஸ்பீக்கரில் முனியின் குரல் அடுத்த வரியை எடுத்துக்கொண்டது. டோரீன் கையைக் கீழே இறக்கினாள். நேரத்துக்கு வராதவளுக்கு பஸ் நிற்குமா?

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் கேன் பேச ஆரம்பித்தது.

முதலில் மெதுவாக. ஸ்பீக்கரில் ஓடுவதோடு சேராமல், அதைக் கண்டுகொள்ளாமல், தன் போக்கில் தனியாக ஒரு தாளம். பாட்டு ஒரு பக்கம் போனது, கேன் ஒரு பக்கம் போனது. முனி பாடவில்லை. அவள் தன் பாட்டையே விட்டுவிட்டு அந்த இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுப்படி வாசலில் நிழல் ஆடியது. கால் கழுவ இவ்வளவு நேரமா என்று பார்க்க ராதா வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் பச்சைமுத்துவின் மனைவி, அவளுக்குப் பின்னால் ஸ்டெல்லா. சுவரைப் பார்த்து நிற்கிற டோரீனையும், சுவருக்கு அந்தப் பக்கத்துத் தாளத்தையும் ராதா ஒரு கணம் சேர்த்து வைத்துப் பார்த்தாள். பையன், சீட்டு, மதம் மூன்றும் அந்தக் கணத்தில் அவள் முகத்திலிருந்து இறங்கின. அவள் திரும்பி, தெருவை நோக்கி, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலை அடக்கிச் சொன்னாள்: "அந்த ஸ்பீக்கர நிறுத்தச் சொல்லுங்கடி."

ஸ்பீக்கர் நின்றது. சந்தில் கேன் சத்தம் மட்டும்.

டோரீன் நெற்றியைச் சுவரில் வைத்தாள். வாரம் முழுக்கத் தேடிய வரிகளில் ஒன்றும் கையில் இல்லை. வாயைத் திறந்தாள். குரல் முதலில் பாதி காற்றாகத்தான் வந்தது.

*அட்டையில பேரு இருக்கு, அட்டைக்கென்ன தெரியும்,*

அந்தப் பக்கம் தாளம் ஒரு இழை தடுமாறி, உடனே சுதாரித்துக்கொண்டது.

*தட்டுறவ யாருன்னு சுவத்துக்குத்தான் தெரியும்.*

இப்போது குரல் அவளுடையது. கதவருகில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஸ்டெல்லாவாக இருக்கும்.

*சொல்ல வந்த பதிலு எல்லாம் சோறு போல ஆறிடுச்சு,*

நாலாவது வரி வரவில்லை. எங்கேயோ பக்கத்தில்தான் இருந்தது, தொண்டைக்குக் கீழே, கைக்கு எட்டுகிற தூரத்தில். அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். வாசலில் நின்ற பெண்கள் காத்திருந்தார்கள். தெருவில் பச்சைமுத்து மாலையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அந்தப் பக்கம் முனி வாயைத் திறக்கவில்லை. கேன் ஓடிக்கொண்டே இருந்தது.